சங்கையாவின் கால்கள் மாடக்கண்ணு வீட்டுக்குப் போன கதை

பொட்டல்குளத்தில் செருப்பு மாறிப்போவது ஆண்டுதோறும் நடப்பதுதான். கால் மாறிப்போனது அந்த ஒரு பங்குனிப் பொங்கலில் மட்டும்தான்.

காளியம்மன் கோயில் மந்தையில் செருப்போடு யாரும் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. ஆடுகிறவர்கள், பார்க்கிறவர்கள், மேளம் அடிக்கிறவர்கள், குறை சொல்வதற்கென்றே வந்து நிற்கிறவர்கள் எல்லோரும் வாகை மரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தக் குவியலில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு போவார்கள். மறுநாள் காலையில் மைக்செட் தவசி கோயில் குழாயில் கூப்பிட்டு, மாற்றிப் போட்டுக்கொண்டு போனவர்கள் கொண்டுவந்து போடும்படி சொல்வார். பழைய செருப்பு கிடைத்தவர்கள் ஓடி வருவார்கள், புதுச் செருப்பு கிடைத்தவர்களுக்கு மட்டும் அன்றைக்குக் காது கேட்காது.

வெறுங்காலில் ஆடும் சுகம் ஆடினவனுக்குத்தான் தெரியும். பகலெல்லாம் வெயிலைக் குடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணில் பொழுது சாயத் தண்ணீர் தெளித்துவிட்டால், மேலே குளிர்ச்சியும் அடியில் சூடுமாக அது உள்ளங்காலைப் பிடித்து இழுக்கும், பிடித்து இழுத்து விடும், விட்டதும் இன்னொரு தடவை மிதி என்று கேட்கும். செருப்புப் போட்டு நடக்கிறவனிடம் மண் அப்படியெல்லாம் பேசுவதில்லை. ஆனால் சுகத்துக்கு ஏற்ற ஆபத்தும் உண்டு. நெருஞ்சி முள் உண்டு, வேலிக்கருவை முள் உண்டு, சோடா பாட்டில் சில்லு உண்டு, போன ஆண்டுக் கறி விருந்தில் யாரோ துப்பிப் போட்ட எலும்பு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்தில் ஆடுகிறவனின் கால் உண்டு. இந்தக் கடைசி ஆபத்துத்தான் சங்கையாவின் வாழ்க்கையைக் கெடுத்தது.

சங்கையா அந்த ஊர் ஒயிலாட்டத்துக்குத் தலை ஆட்டக்காரர். தலையில் வரிசைக்கு முன்னால் ஆடுகிறவருக்கு மட்டும் கட்டுகிற சிவப்பு உருமாத் துணி, கையில் மஞ்சள் கைக்குட்டை, காலில் சலங்கை என்று வரிசையின் முன்னால் அவர் நின்றால், பின்னால் நிற்பவர்கள் அவர் காலைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். ஒல்லியான, நீண்ட, பாளை போன்ற கால்கள். அந்தக் கால்களுக்கு அவர் வேப்பெண்ணெய் தேய்ப்பார், வெந்நீர் ஊற்றுவார், பெண்டாட்டியை ஒரு நாளும் பாராட்டாத வாயால் அவற்றைப் பாராட்டுவார். அவற்றில் ஒரே குறை, வலது பெருவிரலின் நகம். அது மட்டும் கறுத்து, புளியங்கொட்டை ஒட்டிவைத்தது போல இருக்கும்.

அந்த நகத்தை அப்படி ஆக்கியவன் மாடக்கண்ணு, சங்கையாவின் மனைவி சீனித்தாயின் கூடப்பிறந்த தம்பி. சீனித்தாயின் தலையில் ஒரு நரைகூட இல்லாத காலத்தில், வெளியூர்க்காரர்களெல்லாம் பார்க்க வந்திருந்த ஒரு பொங்கலில், சங்கையாவுக்குப் பக்கத்தில் ஆடிய மாடக்கண்ணு மூன்றாவது அடியில் தடுமாறி அவர் பெருவிரலை ஓங்கி மிதித்துவிட்டான். நகம் பிளந்தது, ஆட்டம் நின்றது, வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். "கால்ல சோடா பாட்டில் சில்லு ஏறிருச்சு மச்சான், அதான் தட்டுச்சு" என்று மாடக்கண்ணு அங்கேயே சொன்னான். பொறாமையில் மிதித்துவிட்டுச் சில்லு என்று கதை விடுகிறான் என்றார் சங்கையா. அன்றிலிருந்து மச்சினனோடு பேச்சு இல்லை. சீனித்தாய் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, மாடக்கண்ணு இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஆட்டத்தில் தலைக்குத் தாம், வாலுக்கு அவன், நடுவில் ஊரே நிற்க வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும், வந்த காரியத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்த நகத்தைப் பார்த்தாக வேண்டும்.

ஆனால் ஒரு கணக்கைச் சங்கையா மறந்திருந்தார். ஒயிலின் கடைசிச் சுற்றில் வரிசை பாம்பு சுருள்வது போலச் சுருளும், சுருளும்போது தலை வந்து வாலைத் தொடும். எவனை எட்டத்தில் வைக்க வேண்டுமென்று வாலில் நிறுத்தினாரோ அவனைத்தான் ஆண்டுதோறும் கடைசியில் உரசிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மற்ற ஆண்டுகளில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பங்குனியில் சுருள் கொஞ்சம் இறுகிவிட்டது. தவில் உச்சத்துக்குப் போக, பக்கத்தில் கும்மியடித்த பெண்கள் வரிசையும் வந்து மோத, யார் காலை யார் மிதிக்கிறார்கள் என்று தெரியாமல் மந்தையே கலகலத்தது. சங்கையாவின் அதே பெருவிரலில் அதே கால் வந்து விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மாடக்கண்ணு கூட்டத்துக்குள் மறைந்துவிட்டான்.

வீட்டு வாசலில் கால் கழுவத் தண்ணீரை ஊற்றினபோதுதான் சங்கையா கவனித்தார். கணுக்காலுக்குக் கீழே இருந்தது அவர் கால் இல்லை. அகலமான கால், விசிறி மாதிரி விரிந்த விரல்கள், பெருவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல், கரிசல் வெடிப்பைப் போல வெடித்த குதிகால். அந்தக் காலை அவருக்கு நன்றாகத் தெரியும். மிதித்தவன் முகம்கூட மறந்துபோகலாம், மிதித்த கால் மறக்காது.

"சீனித்தாயி," என்று கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. உன் தம்பி என் காலைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

சீனித்தாய் அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். "தூக்கிட்டுப் போகலையே, அவன் காலைக் குடுத்துட்டுல்ல போயிருக்கான்" என்றாள். பிறகு, "நல்லாக் கழுவிட்டு வாங்க. அவன் குதிங்கால்ல எப்பவும் சேறு நிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் கோயில் குழாய் அலறியது. தவசி முதலில் ஊதிப் பார்த்தார், இருமினார், பிறகு ஆண்டுதோறும் சொல்வதையே ஒரு சொல்லை மாற்றிச் சொன்னார்: "நேத்து மந்தையில ஆடுனவங்க யாராச்சும் காலை மாத்திப் போட்டுட்டுப் போயிருந்தா, வாகை மரத்தடிக்கு வந்து மாத்திக்கிருங்க. நல்ல காலு கெடச்சவங்க பேசாம வீட்டுக்குள்ள உக்காந்துறாதீக. ஆத்தா பாத்துக்கிட்டுத்தான் இருக்கா."

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், செருப்பை எடுத்துக்கொண்டது போலவே எடுத்துக்கொண்டது. ஏன் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, யாருடையது யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். டெய்லர் பொன்னுரங்கத்துக்கு மினிபஸ் கண்டக்டரின் கால் வந்துவிட்டது. அது தையல் மிஷினில் ஓரிடத்தில் நிற்காமல் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டே இருந்ததால், அவர் நான்கு வீட்டு ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே தைத்தார். கண்டக்டரோ பஸ்ஸில் உட்கார்ந்தபடியே டிக்கெட் கொடுத்து, இல்லாத மிஷினை மிதித்துக்கொண்டு போனார். மந்தை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஊர்க்கோடி வீட்டு மாமியாருக்கும், கும்மியடித்த அவள் மருமகளுக்கும் மாறியிருந்தது. வாதம் பிடித்த காலோடு இத்தனை காலம் மூலையில் கிடந்த மாமியார் மருமகளின் மெட்டி மினுங்க ஊரைச் சுற்றி வந்து, யார் கேட்டாலும் தனக்கு எதுவும் மாறவில்லை என்று சாதித்தாள். மருமகள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "உங்க காலு ரொம்ப வலிக்குதுத்தே, எந்திரிக்கவே முடியல, காப்பித்தண்ணிய நீங்களே போட்டுருங்க" என்றாள். சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து எல்லாக் கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால் சமாசாரம் என்றால் போடுகிற தடுப்பூசியையே எல்லோருக்கும் ஒன்று போட்டுவிட்டு, ஈரத்தில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கால் திரும்புகிற வழியும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. வாகை மரத்தடியில் அண்ணன் தம்பி இரண்டு பேர் யார் கால் நல்ல கால் என்று சண்டை போட்டு, மந்தைக்குள் தள்ளிக்கொண்டு போய், ஆட்டத்தில் மிதிபட்ட தம்பி ஆத்திரத்தில் அண்ணன் காலை மிதித்துவிட, இரண்டு பேருக்கும் அவரவர் கால் வந்து சேர்ந்தது. ஆக, மிதிபட்டவன் மிதித்தவனை அதே மண்ணில் வெறுங்காலோடு திரும்ப மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு, நல்ல காலை விட மனசில்லாத ஊர்க்கோடி மாமியாரைத் தவிர, ஊர் முழுக்க மிதித்துக்கொண்டது. அவரவர் காலோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

சங்கையாவுக்கு இதைக் கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. எத்தனையோ வருஷமாக அவர் படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்த காரியம் இது. மாடக்கண்ணுவின் காலை ஓங்கி ஒரு மிதி, நகம் பிளக்கிற மாதிரி ஒரு மிதி. இப்போது ஊரே சேர்ந்து மிதி என்கிறது, ஆத்தாளே மிதி என்கிறாள். எழுந்து உருமாவைக் கட்டிக்கொண்டார். கட்டி முடித்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. மாடக்கண்ணுவிடம் இப்போது இருப்பது அவருடைய கால். ஓங்கி மிதித்தால் பிளக்கப்போவது அவருடைய நகம். உருமாவை அவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அவன் வரட்டும்," என்றார். "காலைக் கொண்டுபோனவன் அவன்தான. அவன் கொண்டாந்து குடுக்கட்டும்."

மாடக்கண்ணு ஆள் அனுப்பினான்: மச்சான் எப்போது வேண்டுமானாலும் மந்தைக்கு வந்து மிதித்துக்கொள்ளலாம், தான் காத்திருப்பதாக. கூப்பிட்ட இடத்துக்குப் போக நான் என்ன அவன் வீட்டு மாடா என்று சங்கையா பதில் அனுப்பினார்.

இப்படி வீம்பு பிடித்ததில் நாள் போனது. அதற்குள் கால்கள் தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. மாடக்கண்ணு பால் சொசைட்டியில் பால் அளக்கிறவன்; விடியற்காலையில் அவன் கால்கள் சங்கையாவை எழுப்பி நேரே பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய் நிறுத்தின, அவர் கேன்களுக்கு நடுவில் வெறும் வேட்டியோடு நின்று வந்தவர்களையெல்லாம் முறைத்தார். சங்கையாவின் கால்கள் மாடக்கண்ணுவை அவர் பருத்திக் காட்டுக்குக் கூட்டிப்போயின, அவன் வேறு வழியில்லாமல் களை பறித்துவிட்டுத் திரும்பினான். அது போகட்டும். அடுத்த செவ்வாய் மறுபொங்கல். அன்றைக்குத்தான் வெளியூர் ஆட்டக்காரர்கள் வருவார்கள். அதற்காக மந்தையில் பழகிப் பார்த்தபோது மாடக்கண்ணு ஆடியதைக் கண்டு ஊர் வாயைப் பிளந்தது. அந்த நீளக் கால்கள், அந்த எட்டு, அந்தத் துள்ளல். "அப்படியே சங்கையா அண்ணன் ஆட்டம்யா," என்றார் தவசி, மைக் அணைக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. "சொல்லப்போனா மூஞ்சி சிரிச்ச மாதிரி இருக்கிறதால அதைவிட ஒருபடி நல்லாத்தான் இருக்கு. செவ்வாக்கிழமை உருமாவை இவனுக்கே கட்டிருவோமா?"

வீட்டில் உட்கார்ந்திருந்த சங்கையாவின் காதில் அது குழாய் வழியாகவே வந்து விழுந்தது.

அன்று மத்தியானம் அவர் மாட்டுத்தொழுவத்துக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார். பசு ஒன்றுதான் பார்வையாளர். மாடக்கண்ணுவின் காலை வைத்துக்கொண்டு நான் ஆடிக் காட்டுகிறேன், ஆட்டம் காலில் இல்லை, ஆளில் இருக்கிறது என்று ஒன்று போட்டார், இரண்டு போட்டார், மூன்றாவது அடியில் முன்பாதத்தில் எடை விழுந்ததும் உச்சந்தலை வரை ஒரு குத்துக் குத்தியது. அலறிக்கொண்டு வைக்கோலில் விழுந்தார். பசு எழுந்து நின்றது. காலைத் திருப்பி உள்ளங்காலை அழுத்திப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே, தடித்த தோலுக்கு அடியில், கடுகளவு கெட்டியாக ஏதோ நெருடியது. மறுபடியும் எழுந்து ஆடினார். ஒன்று, இரண்டு, மூன்றாவதில் குத்து. எத்தனை தடவை ஆடினாலும் மூன்றாவதில்தான் குத்தியது. மாடக்கண்ணு தடுமாறியதும் மூன்றாவதில்தான்.

சங்கையா வைக்கோலை உதறிக்கொண்டு எழுந்தார். அவருக்கு வந்தது வருத்தம் இல்லை, கோபம். தலைப்பிள்ளையைப் போல வளர்த்த ஒரு வஞ்சத்துக்கு அடியில் அஸ்திவாரமே இல்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? சில்லு நிஜம் என்றால் இத்தனை காலம் அதைக் கழுதை மாதிரி சுமந்துகொண்டு ஏன் ஆடினான், எடுத்துப் போட வேண்டியதுதானே, சோம்பேறிப் பயல் என்று வைது, வஞ்சத்துக்குப் புதிதாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தது. வெள்ளிதோறும் அந்த நேரத்தில் சங்கையா கோயிலுக்குப் போய் விளக்கேற்றி, வேப்பமரத்து அடியில் தமக்கென்று வைத்திருக்கிற கல்லில் உட்கார்ந்து, இருட்டும் வரை ஊர்க்காரர்களைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு வருவது வழக்கம். அன்றும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் கால்கள் கோயில் பக்கம் திரும்ப மறுத்தன. இடது பக்கம் திரும்பின. ஊருணிக் கரை வழியாகப் போயின. சங்கையா ஒரு கருவேல மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார், கால்கள் அவரைப் பிய்த்துக்கொண்டு போயின. முள்ளுக்காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதையில் நுழைந்தன. நன்றாகத் தேய்ந்த பாதை. இப்படி ஒரு பாதை இருப்பதே அவருக்குத் தெரியாது. அது போய் முடிந்த இடம் ஒரு வேலி, வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி, இடைவெளிக்கு அந்தப்பக்கம் அவருடைய சொந்தத் தொழுவம்.

அந்த இடைவெளி அவருக்குப் பழக்கம்தான். மாதம் தவறாமல் முள் வெட்டி அதை அடைப்பார், மாதம் தவறாமல் அது திறந்து கிடக்கும், பக்கத்து வீட்டு ஆடு என்று சொல்லிப் பக்கத்து வீட்டோடும் பேச்சை நிறுத்தியிருந்தார், ஆட்டோடும் நிறுத்தியிருந்தார்.

தொழுவத்தில் சீனித்தாய் முதுகைக் காட்டிக்கொண்டு பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒரு காலை அழுத்தி, ஒரு காலை லேசாக வைக்கிற அந்த நடைச் சத்தம் கேட்டதும், இந்த வாரம் அந்தக் கால் யாரிடம் இருக்கிறது என்பதை வெள்ளிக்கிழமைப் பழக்கத்தில் மறந்து, திரும்பாமலே பேசினாள்.

"வாடா தம்பி. முள்ளைத் தள்ளிப் போட்டுட்டு வா, முந்தாநாத்துத்தான் உங்க மச்சான் புதுசா வெட்டி வச்சாரு. சட்டியில கருப்பட்டிப் பணியாரம் இருக்கு, சூடு ஆறுறதுக்குள்ள தின்னு."

சங்கையா சட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைப் பணியாரம் தமக்கு எப்போதும் ஏன் ஆறியே வருகிறது என்று அவர் பல தடவை கேட்டிருக்கிறார்.

"காலு எப்பிடிறா இருக்கு?" என்று அவள் தொடர்ந்தாள். "மச்சான் பேசினதை மனசுல வச்சுக்கிறாத. அவருக்கு உன் மேல கோவமெல்லாம் இல்லடா. கோவம்னு ஒண்ணு இல்லாட்டி அவருக்குப் பொழுது போகாது, அதான்."

"எத்தன வருசமா நடக்குது இது?" என்றார் சங்கையா.

சீனித்தாய் பதறவில்லை. பால் சொம்பை ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பி, முதலில் காலைப் பார்த்தாள், பிறகு மெதுவாக மேலே ஏறி முகத்தைப் பார்த்தாள்.

"காலு சரியாத்தான் வந்துருக்கு," என்றாள். "ஆளுதான் மாறிப்போச்சு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நீங்க பேச்சை நிறுத்துன மறு வாரத்துலருந்து. வாசலை மிதிக்கக் கூடாதுன்னுதான சொன்னீக? தொழுவத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

சங்கையா தரையில் உட்கார்ந்தார். பணியாரச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். சூடாக இருந்தது. இன்னொன்றையும் எடுத்தார்.

"அவன் கால்ல சில்லு இருக்கு," என்றார் மென்றுகொண்டே.

"அதைத்தான அவன் அன்னைக்கே சொன்னான்."

"அன்னைக்குச் சொன்னான். மறுநாள் சொன்னானா?"

"மறுநாள் பேசவிட்டீகளா நீங்க?"

"எடுத்துப் போட வேண்டியதுதான?"

"எடுத்துட்டா நெசம்னு காமிக்க வேற சாச்சி இல்லேன்னான். என்னைக்காச்சும் மச்சான் தொட்டுப் பாப்பாரு, அதுவரைக்கும் இருக்கட்டும்னான். நான் எத்தனையோ தடவை ஊக்கை எடுத்துக்கிட்டு வந்தேன், காலைக் குடுக்க மாட்டேன்னுட்டான்." அவள் சேலை முந்தியால் கையைத் துடைத்தாள். "ஒருத்தரு நகத்தைக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சீக, ஒருத்தன் சில்லை மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சான். நடுவுல நான் எங்க ஆத்தா செத்ததுக்குக்கூடக் கொல்லை வழியாத்தான் போயிட்டு வந்தேன்."

இதைச் சொல்லும்போதும் அவள் குரல் உயரவில்லை. பசு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. சங்கையா அடுத்த பணியாரத்தை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. செவ்வாய்க்கிழமை மிதித்துக் காலை மாற்றிக்கொண்டால் சில்லும் வலியும் அவனோடு போய்விடும், மூன்றாவது அடியில் அவன் எப்போதும் போலத் தட்டுவான், உருமாவுக்கு ஆபத்தில்லை. இப்போது எடுத்துவிட்டாலோ, மாடக்கண்ணு குத்தில்லாத காலோடு ஆடுவான். எப்படி ஆடுவான் என்று யாருக்குத் தெரியும்? கையிலிருந்த பணியாரம் ஆறிப்போனது. அவர் காலை நீட்டினார்.

"எடுத்துத் தொலை," என்றார். "எனக்குல்ல வலிக்குது."

சீனித்தாய் தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். விளக்கை இழுத்து வைத்து, தம்பியின் காலை மடியில் போட்டு, புருஷனின் கெண்டைக்காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோலைக் கிளறினாள். சங்கையா ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தினார். "சத்தம் போடாதீக, என் தம்பி ஒரு நாளும் இப்பிடிக் கத்த மாட்டான்" என்றாள் அவள். கடைசியில் அது வந்தது. பச்சை நிறத்தில், பாசிப்பயறு அளவில், முனை மழுங்காத சோடா பாட்டில் சில்லு. விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. சங்கையா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார், பிறகு யாருக்கும் காட்டாமல் மடியில் முடிந்துகொண்டார்.

மறுநாள் தவசி வந்து ஒரு செய்தி சொன்னார். முதல்நாள் பொழுது சாய மாடக்கண்ணு கோயில் வேப்பமரத்து அடியில், சங்கையாவின் கல்லில், எப்படி வந்தோம் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தானாம். "யாரைப் பத்தியாச்சும் குறை சொன்னானா?" என்று சங்கையா கேட்டார். "ஒருத்தரைப் பத்தியும் சொல்லலையே" என்றார் தவசி. "கல்லையே வீணாக்கிட்டான்" என்றார் சங்கையா.

செவ்வாய்க்கிழமை மந்தையில் தண்ணீர் தெளித்தார்கள். வாகை மரத்தடியில் செருப்புகள் குவிந்தன. ஊரில் எல்லோருக்கும் கால் திரும்பியிருந்தது, மாமியார்கூட மருமகளின் காப்பிக்கு ஆசைப்பட்டுக் காலைக் கொடுத்துவிட்டிருந்தாள். பாக்கி சங்கையாவும் மாடக்கண்ணுவும்தான். வெளியூர்க்காரர்களுக்கும் விஷயம் தெரிந்து, ஆட்டத்தைவிட மிதியைப் பார்க்கத்தான் அதிகக் கூட்டம் வந்திருந்தது. ஊர் கூடி உருமாவை மாடக்கண்ணுவின் தலையில் கட்டியது. அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தான். சங்கையா வரிசையின் வாலில் போய் நின்றார். தவில் தொடங்கியது.

வாலில் நின்று அவர் ஆடியதில்லை. ஒன்று போட்டார், இரண்டு போட்டார், மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டார். குத்தவில்லை. குத்தாததோடு நிற்கவில்லை, அந்த அகன்ற கால், அந்த விரிந்த விரல்கள், மண்ணைப் பிடித்த பிடி இருக்கிறதே, அவருடைய பாளைக் கால்கள் இத்தனை காலம் மண்ணை முத்தமிட்டதுதான் உண்டு, இப்படிக் கட்டிப்பிடித்தது இல்லை. அடியில் இருக்கிற சூடு கெண்டைக்கால் வரை ஏறியது. ஈர மண் விரலிடுக்கில் பிதுங்கி வந்தது. படுபாவி, இவ்வளவு நல்ல காலை வைத்துக்கொண்டா வாலில் நின்றான் என்று நினைத்தார், நிறுத்தினது யார் என்பது நினைவுக்கு வந்ததும் அந்த நினைப்பை மட்டும் விட்டுவிட்டு ஆடினார். முன்னால் பார்த்தார். வரிசையின் தலையில் அவருடைய கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. தம்முடைய கால்கள் ஆடுவதை அவர் இதுவரை எதிரில் நின்று பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. "நல்லா ஆடுது, நல்லா ஆடுது" என்று பக்கத்தில் ஆடியவரிடம் சொன்னார். காலையா சொல்கிறார், ஆளையா சொல்கிறார் என்று கேட்டவருக்குப் புரியவில்லை.

வரிசை சுருளத் தொடங்கியது. தவசி மைக்கைப் பிடித்தார். "இதோ, தலை வாலைத் தொடப்போகுது. சங்கையா அண்ணன் மிதிக்கப் போறாரு. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பிள்ளைகளைக் கையில தூக்கிக்கிருங்க."

சுற்றிலும் ஊர் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. மாடக்கண்ணு எதிரே வந்து நின்று, வலது காலை முன்னால் நீட்டி வைத்து, கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டான். புளியங்கொட்டை நகம் வெளிச்சத்தில் கறுப்பாக மினுங்கியது. சங்கையா காலை ஓங்கினார். அத்தனை வருஷத்து ஓங்கல், இடுப்புக்கு மேலே போனது. போன கால் அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி இறங்கி, அந்தப் பெருவிரலின் மேல் உட்கார்ந்தது.

"மிதிச்சாச்சா மச்சான்?" என்றான் மாடக்கண்ணு, கண்ணைத் திறக்காமல். "தெரியவே இல்லையே."

"என் காலுல்ல," என்றார் சங்கையா. "பாத்துத்தான மிதிக்கணும்."

அந்தப் பழைய மிதிக்குப் பிறகு மச்சினனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. கூட்டத்தில் ஏமாற்றத்தில் ஒரு முனகல் எழுந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவரவர் கால் அவரவரிடம் இருந்தது. மாடக்கண்ணு ஒன்று போட்டான், இரண்டு போட்டான், மூன்றாவதற்கு வழக்கம்போல உடம்பைக் கோணிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து சங்கையாவைப் பார்த்தான். சங்கையா மைக்செட்டில் ஏதோ அதிசயம் இருப்பது போல அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தவில் விடாமல் அடித்தது. சுருண்ட வரிசை சுருண்டபடியே ஆடியது. அதில் தலை எது வால் எது என்று வெளியூர்க்காரர்களால் கடைசி வரை சொல்ல முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாய சங்கையா கோயிலுக்குக் கிளம்பினார். புதிதாக வாங்கிய தோல் செருப்பு போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் மாடக்கண்ணு வீட்டு முன்வாசலில் நின்றார்.

மாடக்கண்ணு வெளியே வந்து பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டினான், அவிழ்த்துவிட்டான், மறுபடி கட்டினான்.

"நான் ஒண்ணும் வரல," என்றார் சங்கையா. "இந்தக் காலு ஒரு வாரம் உன் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு வந்துச்சுல்ல, அதுவாக் கூட்டிட்டு வந்துருச்சு."

மாடக்கண்ணு உள்ளே பார்த்தான், வெளியே பார்த்தான். "சரி மச்சான்," என்றான். "நீங்க வர வேண்டாம். காலு மட்டும் உள்ள வந்து உக்காரட்டும்."

கால்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தன. கால்களுக்குக் காப்பி வந்தது. சங்கையா மடியை அவிழ்த்து ஒரு பச்சைச் சில்லை எடுத்துத் தட்டில் வைத்தார். இருவரும் மழையைப் பற்றியும் பருத்திக் காட்டுக் களையைப் பற்றியும்தான் பேசினார்கள். "களையை வேரோட பறிக்கத் தெரியல உனக்கு" என்றார் சங்கையா.

கால்தான் கூட்டிப்போனது என்று சங்கையா சொல்லிக்கொண்டே இருக்கிறார். கால் மாறிப்போனதை மறுபேச்சில்லாமல் நம்பிய ஊர், இதை மட்டும் நம்பவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஒன்று அவருடைய புதுச் செருப்பு, இன்னொன்று வார் அறுந்து ஊக்குக் குத்திய மாடக்கண்ணுவின் ரப்பர் செருப்பு. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மறுநாள் காலையில் கோயில் குழாயில் தவசி ஊதிப் பார்த்தார், இருமினார். "மாடக்கண்ணு வீட்டுல செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போனவங்க கொண்டாந்து குடுத்துருங்க. பழசைப் போட்டுட்டுப் போயிருக்கீக, ஒங்களுக்குத்தான் நட்டம்."

சீனித்தாய் வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்தாள், சங்கையாவைப் பார்த்தாள். சங்கையாவுக்கு அன்றைக்குக் காது கேட்கவில்லை.

"வெள்ளிக்கெழமை நீ கொண்டு போயிக் குடு," என்றார் காலைத் தடவிக்கொண்டே. "முன்வாசல் வழியாப் போ. எனக்குக் காலு வலிக்குது."